ஊசி மேல் விழுந்த பழி

எல்லாருக்கும் வணக்கம்.

ஆறு மாதக் குழந்தை. காலையில் தடுப்பூசி போடுகிறார்கள். சாயங்காலம் உடம்பு சுடுகிறது, ராத்திரி வலிப்பு வருகிறது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. சாவிக்கொத்தைக் கையில் திணித்தும் பயனில்லை. (மற்ற வலிப்பும் சாவிக்காக நிற்பதில்லை, தானாகத்தான் நிற்கிறது.) அப்புறம் ஒவ்வொரு ஜுரத்துக்கும் ஒரு வலிப்பு. இரண்டு வயதில் பேச்சு பின்தங்குகிறது. அந்தத் தாயிடம் போய், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் நம்புவாளா? நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

டாக்டர்களே நம்பவில்லை. 1974-இல் லண்டனில், கக்குவான் இருமல் ஊசிக்குப் பிறகு மூளை பாதித்ததாகக் கருதப்பட்ட 36 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிரிட்டன் முழுக்கப் பீதி. பெற்றோர் ஊசியே வேண்டாம் என்று ஒதுங்க, கக்குவான் இருமல் திரும்பி வந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்தார்கள். சாமுவேல் பெர்கோவிக், நரம்பியல் டாக்டர். அவரோடு குழந்தை நரம்பியல் டாக்டர் இங்க்ரிட் ஷெஃபர். ஷெஃபரின் ஆராய்ச்சி நோயாளியின் வீட்டுக் கதையில் தொடங்கும்: தாத்தாவுக்கு இருந்ததா, அத்தைக்கு எந்த வயதில் வந்தது, தூக்கத்திலா விழிப்பிலா? கெட்ட கனவு, தூக்கக் கோளாறு என்று எழுதித் தள்ளப்பட்டவர்களுக்கு உண்மையில் இருந்தது பரம்பரை வலிப்பு என்று அப்படித்தான் காட்டினார். 1995-இல் அவர்கள் குழு மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த வலிப்புக்கான மரபணுவைப் பிடித்தது. வலிப்புநோய்க்கென்று கண்டுபிடிக்கப்பட்ட முதல் மரபணு அது.

சரி, நம் ஆறு மாதக் குழந்தைக்கு வருவோம். பிரான்சில் ஷார்லட் டிராவே என்ற டாக்டர் 1978-இல் இதே கதையைத் தனி நோயாக விவரித்திருந்தார். இன்று அவர் பெயரில்தான் டிராவே நோய் என்கிறோம். 2001-இல் பெல்ஜியத்தில் இப்படிப்பட்ட ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் பழுது. நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாசலைக் கட்டுகிற மரபணு அது.

மெல்போர்ன்காரர்களுக்கு இங்கேதான் பொறி தட்டியது. தடுப்பூசியால் மூளை கெட்டது என்று சொல்லப்பட்ட 14 பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் மரபணுவைப் பார்த்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. 14-இல் 11 பேருக்கு அதே மரபணுவில் பழுது! பெற்றோரின் மரபணுவையும் பார்க்க முடிந்தது 9 பேருக்கு. அந்த ஒன்பதிலும் பழுது அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாக ஏற்பட்டது. ஊசி மேல் இருந்த பழியும் போயிற்று, எந்த வம்சத்துப் பாவம் என்று மாமியார் மருமகளைப் பார்க்கிற பார்வைக்கும் இடமில்லை.

'அப்படியானால் ஊசி போட்ட அன்றே ஏன் வந்தது?' நியாயமான கேள்வி. ஊசி ஜுரத்தைக் கொண்டுவரும். இந்தக் குழந்தைகளுக்கு ஜுரமே வலிப்பைக் கிளப்பிவிடும். 2010-இல் இதே குழு இன்னொன்று பார்த்தது. ஊசியை ஒட்டி வலிப்பு தொடங்கிய டிராவே பிள்ளைகளுக்கு, மற்ற டிராவே பிள்ளைகளைவிடச் சில வாரம் முன்னதாகவே நோய் ஆரம்பித்திருந்தது, உண்மை. ஆனால் பின்னாளில் அறிவு வளர்ச்சியில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. நாள்தான் முந்தியது, நோய் அதேதான். எனக்கு இதில் பிடித்தது, தங்களுக்குச் சாதகமில்லாத பாதியையும் சேர்த்துச் சொன்ன நேர்மை.

மரபணுவின் பெயர் தெரிந்து பிள்ளைக்கு என்ன லாபம் என்றால், மருந்தில் இருக்கிறது. அந்தச் சோடியம் வாசல் முக்கியமாக வேலை செய்வது, மூளையில் பிரேக் பிடிக்கிற நரம்பணுக்களில். கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்றவை சோடியம் வாசலை அடைக்கிற மருந்துகள். எத்தனையோ வலிப்புக்கு அவை நல்ல மருந்து. டிராவே பிள்ளைக்கு அவற்றைத் தினமும் கொடுத்துவந்தால், இருக்கிற அரைகுறை பிரேக்கும் போய் வலிப்பு கூடக்கூடும். நோயின் பெயர் தெரிந்தால் அவற்றைத் தவிர்த்து, வேல்புரோவேட், க்ளோபசாம், ஸ்டிரிபென்டால் என்று வேறு வழியில் போகலாம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அதுவே பெரிய வலிப்பில் கொண்டுபோய் விடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, முதல் வலிப்பு எந்த மாதம் வந்தது, ஜுரம் இருந்ததா, எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கேள்வி இருப்பவர்கள் கை தூக்கலாம்.