அடுத்தது என்ன என்பதுதான் வரவில்லை

வணக்கம். பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதே நோயில் யோசனை மெதுவாகிப்போவதைப் பற்றி. மூளையைத் தூண்டினால் அது சரியாகுமா என்று கேட்காத குடும்பம் இல்லை. நோயாளிகளின் நினைவையும் கவனத்தையும் சோதித்துப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை.

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதினார். அவர் விவரித்தது ஆறு பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. தெருவில் பார்த்தால் நடை தெரியும், யோசனை தெரியுமா?

என்னிடம் ஒரு தையல்காரர் வந்தார். மாத்திரையில் கை நன்றாகவே இருந்தது, ஊசியில் நூல் கோர்த்தார். ஆனால் சட்டை தைப்பதை விட்டுவிட்டார். வெட்டிய துணி எல்லாம் மேசையில் கிடக்குமாம். காலரை எடுப்பார், வைப்பார், சட்டைக் கையை எடுப்பார், அதையும் வைப்பார். வீட்டில் சோம்பல் என்று நினைத்தார்கள். அவர் சொன்னார்: “கை வருதும்மா. அடுத்தது என்னங்கிறதுதான் வர மாட்டேங்குது.”

ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டேன். மாடு, ஆடு என்றார். அப்புறம் அமைதி. “காட்டில்?” என்று நான் எடுத்துக் கொடுத்ததும் புலி, யானை, கரடி, மான் என்று மளமளவென்று வந்தது. பாருங்கள், பெயர்கள் எங்கும் போகவில்லை. எடுத்துத் தருவதுதான் தாமதம். இதை மறதி என்றோ பிடிவாதம் என்றோ சொல்லிவிடாதீர்கள். காலர், கை, காஜா, பொத்தான் என்று வரிசையாக எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். அடுத்த முறை, தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

சரி, தூண்டலுக்கு வருகிறேன். 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித், மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து வேகமான துடிப்புகள் கொடுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கண்டார். இன்று நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, பெரும்பாலும் நொடிக்கு 130 துடிப்புகள் போலக் கொடுக்கிறார்கள். கை கால் இறுக்கம் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் யோசனை அப்படித் தளர்வதில்லை. சொல்லப்போனால், நான் சொன்னேனே அந்த விலங்குப் பெயர்ச் சோதனை, அதில் சிலருக்கு அறுவைக்குப் பிறகு எண்ணிக்கை சற்றுக் குறைகிறது. அறிவுத்திறன் ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்தவர்களுக்குப் பொதுவாக இந்த அறுவை செய்வதில்லை. அறுவைக்கு முன் என்னைப் போன்றவர்களிடம் அனுப்புவது இதற்காகத்தான். வரும்போது கூடவே வாழ்பவரையும் அழைத்து வாருங்கள், அவர் கவனித்தது எந்தச் சோதனையிலும் வராது.

ஏன் இப்படி? அசைவுக்கு டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வேண்டும் என்றால், கவனத்துக்கும் நினைவுக்கும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளும் வேண்டும். அதைப் பெரும்பாலும் அனுப்புவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மைனர்ட் கரு என்ற நரம்பணுக் கூட்டம். சரி, அங்கேயே மின்முனை வைத்தால்? லண்டனில் ஆறு நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிந்தது, ஆனால் சோதனை மதிப்பெண்கள் உயரவில்லை. இல்லாத உருவங்கள் தெரிவது போன்ற தொல்லை குறையலாம் என்று ஒரு சின்ன அறிகுறி மட்டும். எனக்கு அதுவும் பெரிதுதான். இரவெல்லாம் அந்த உருவங்களோடு போராடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தலைக்கு வெளியிலிருந்தே செய்யும் காந்தத் தூண்டலும், ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரமும் இருக்கின்றன. சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன், சிலவற்றில் இல்லை. கருவி வாங்கி வீட்டில் நீங்களே முயலாதீர்கள். தலைக்குள் ஏற்கெனவே மின்முனை வைத்திருந்தால், காந்தத் தூண்டலுக்கு முன் அதை முதலில் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.