நல்ல போலீஸ்காரர்கள் ஏன் பேசுவதில்லை?

"போலீஸில் நல்லவர்களும் நிறைய இருக்கிறார்களே, கூட இருப்பவர் தப்பு செய்யும்போது அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைச் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்றார். சொன்னவர் கையெழுத்துப் போடப் பயந்தார். வெளியே நின்றவர்கள் எல்லாம் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் ஒருமையில் பேசினார். ஸ்டேஷனை வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் எடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. மாஜிஸ்திரேட்டுக்கே இந்த மரியாதை என்றால் ஒரு ஏட்டம்மாவுக்கு?

முன்பும் சொல்லியிருக்கிறேன், விசுவாசம் கெட்ட குணம் இல்லை. ராத்திரி ரோந்தில் ஒருவன் கத்தியோடு பாய்ந்தால் காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்கிற சக காவலர்தான். சாட்சி சொன்ன பிறகு அவர் ஓடி வருவாரா? அந்தப் பயம்தான் வாயைக் கட்டுகிறது. மெமோ, டிரான்ஸ்ஃபர் எல்லாம் அப்புறம்.

இது நம் ஊருக்கு மட்டுமானதும் இல்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரக் காவலர் கேரியல் ஹார்ன், 2006இல் சக காவலர் ஒருவர் கைதானவரின் கழுத்தை நெரிக்கிறார் என்று குறுக்கே போய்த் தடுத்தார். 2008இல் ஹார்னைத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள். பென்ஷனும் போனது. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2021இல்.

அதனால், ஏன் பேசவில்லை என்பதைவிட, பேச நினைக்கிறவர் யாரிடம் போவார் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் காவல் புகார் ஆணையம் வேண்டும், தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலம் 2013இல் கொண்டுவந்த சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டிஜிபியை உறுப்பினராக்கினார்கள். மாவட்டத்தில் கலெக்டரோடு எஸ்பி. தன் எஸ்பி உட்கார்ந்திருக்கிற மேசைக்கு எந்த ஏட்டு புகாரோடு போவார், சொல்லுங்கள்.