ராத்திரி தூக்கம் வருதாம்மா?

நேயர்களுக்கு வணக்கம். பழங்குடிப் பெண்களின் மனநலம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது வாச்சாத்திதான்.

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். அங்கே இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று.

31 வருஷம். அத்தனை காலமும் அந்தப் பெண்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. நடந்ததைச் சொன்னால்தான் நியாயம் கிடைக்கும். சொல்லச் சொல்லப் புண் மறுபடி கீறிக்கொள்ளும். இப்படிப்பட்ட கொடுமைக்கு ஆளானவர்கள் காக்கி உடையைக் கண்டாலே படபடத்துப் போவதும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுவதும் உண்டு. அதைப் பைத்தியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்யவும் சொன்னது. நல்லது. ஆனால் தொலைந்துபோன தூக்கத்தை யார் திருப்பித் தருவது?

மலைக்கிராமத்துப் பெண் எவரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி என்பார், நெஞ்சை அடைக்கிறது என்பார். நாமும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மனநல சிகிச்சை உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சரி, மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகுமே! அதனால் நாம்தான் மேலே ஏற வேண்டும்.

வாச்சாத்திப் பெண்கள் சொன்னதை ஆரம்பத்திலேயே நம்பிக் கேட்டவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினர். அப்படி நம்பிக் கேட்க ஆள் இருந்ததால்தான் வழக்கே உருவானது. மனசுக்கான முதல் மருந்தும் அதுதான் என்பது என் நம்பிக்கை.

கிராம சுகாதாரச் செவிலியர் அக்காமார்களே, அடுத்த முறை தலைவலி என்று ஒருவர் வந்தால், கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். அப்புறம், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிக்னல் கிடைக்கிற இடம் வரை அவரோடு நடந்து போங்கள்.