உப்பைத் தின்ற இரும்பு

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளே, அருங்காட்சியகக் காப்பாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் நன்றி. அவர்களை யாரும் சொல்வதில்லை.

நீர்மூழ்கிக் கப்பலின் வரலாற்றை மூன்று பொருட்களைக் கொண்டு சொல்லப்போகிறேன். ஒன்று டர்ட்டில், இரண்டு ஒரு தங்கக் காசு, மூன்று நாட்டிலஸ் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி.

டர்ட்டில், 1775இல் அமெரிக்காவில் டேவிட் புஷ்னெல் செய்தது. ஒரே ஆள் உட்காரும் மரக்கூடு, கையால் திருகித்தான் ஓட்ட வேண்டும். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு அடியில் வெடி வைக்கப்போய்த் தோற்றது. இன்று நாம் பார்ப்பதெல்லாம் மாதிரிகள்தான். அசல் இல்லை. ஏன் இல்லை? யாரும் காப்பாற்றவில்லை!

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில், ஷைலோ போர்க்களம். ஜார்ஜ் டிக்சன் என்ற தென்தரப்பு வீரரின் காற்சட்டைப் பையில் இருபது டாலர் தங்கக் காசு. சீறி வந்த குண்டு நேராக அதன்மேல் பட்டது. காசு வளைந்தது, ஆள் பிழைத்தார். அதைக் காதலி கொடுத்தாள் என்று ஒரு கதை உண்டு; உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது. 'என் உயிர்காப்பான்' என்று அதில் பொறித்துக்கொண்டார் டிக்சன். அப்புறம் ஹன்லி நீர்மூழ்கிக்குத் தலைவரானார். அது சோதனை ஓட்டங்களிலேயே இருமுறை மூழ்கிப் பதின்மூன்று பேரை விழுங்கிய கப்பல். தெரிந்தே ஏறினார் ஐயா! 1864 பிப்ரவரி 17 இரவு, ஏழு பேர் கையால் சுழற்றி ஓட்ட, ஹூசட்டானிக் என்ற போர்க்கப்பலைத் தகர்த்தார்கள். எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி அதுதான். எட்டுப் பேரும் திரும்பவில்லை. 2000இல் கப்பலைத் தூக்கினார்கள். மறு ஆண்டு டிக்சனின் எலும்புகளோடு அந்தக் காசும் கிடைத்தது, வளைவும் எழுத்தும் அப்படியே.

தங்கம் துருப்பிடிக்காது. இரும்பு? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஹாலந்து 1, 1913இல் உடைப்பதற்கு இழுத்துப்போகும் வழியில் மூழ்கியது. 1982இல் மேலே எடுத்து, மருந்து பூசி, காட்சிக்கு வைத்தார்கள். இரும்புக்குள் ஊறியிருந்த கடலுப்பு விடவில்லை, துரு மறுபடி கிளம்பியது. கடைசியில் கப்பலையே தொட்டிக்குள் வைத்து, சோடியம் கார்பனேட் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்தார்கள். சொன்னேனே, உப்பைத் தின்றவன்!

காப்பாளர் அவர்கள் தலையாட்டுகிறார். இந்த வேதனை அவருக்குத்தான் தெரியும். திறப்பு விழாவுக்குப் பணம் வருகிறது, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலும் வருகிறது. துருவைச் சுரண்ட மட்டும் ஆளுமில்லை, நிதியுமில்லை.

நாட்டிலஸ் 1958இல் பனிக்கடியில் வட துருவத்தைக் கடந்தது. அதை விரித்துப் பேச அவைத்தலைவரின் கைக்கடிகாரம் விடாது போலிருக்கிறது. வாசல் மேசையில் மனு இருக்கிறது. நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகம் அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கைத் துரு நீக்கவே ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்களுக்குச் செயலாளர் தருவார்.