உழக்கு உரசும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அரிசி ஒரு தகர டின்னில் இருக்கும். அதற்குள்ளேயே ஒரு உழக்கு கிடக்கும். மாதக் கடைசியில் அம்மா அரிசி அள்ளும்போது அந்த உழக்கு டின்னின் அடியை உரசும். கரகரவென்ற அந்தச் சத்தம் திண்ணையில் படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்குக் கேட்கும். சில நாள் அம்மா, "கொஞ்சம் அரிசி இருக்கு" என்பார். சில நாள், "கொஞ்சம்தான் அரிசி இருக்கு" என்பார். இரண்டு நாளும் டின்னில் இருந்தது அதே நாலு உழக்காகக்கூட இருந்திருக்கும். ஆனால் முதலாவதைச் சொன்னால் உலை கொதிக்கப்போகிறது என்று அர்த்தம். இரண்டாவதைச் சொன்னால் அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அளவு ஒன்றுதான். பார்க்கிற மனசு வேறு. அந்த மனசை நாம் 'தான்' என்ற சொல்லில் வைக்கிறோம். ஆங்கிலம் அதை எங்கே வைக்கிறது? இத்தனை வருடம் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

'அ லிட்டில் ரைஸ்' என்றால் கொஞ்சம் அரிசி இருக்கிறது, சமாளிக்கலாம். 'லிட்டில் ரைஸ்' என்றால் அரிசி இருக்கிறது என்றே சொல்ல முடியாது. எண்ணக்கூடிய பொருள் என்றால் லிட்டிலுக்குப் பதில் ஃபியூ. 'அ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நண்பர்கள் சிலர் உண்டு. 'ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஆளே அரிது. நாம் 'தான்' என்று ஒன்றைச் சேர்த்துக் குறையைச் சொல்கிறோம். அவர்கள் முன்னால் இருக்கும் 'ஏ' என்ற எழுத்தை எடுத்துவிட்டுக் குறையைச் சொல்கிறார்கள். அந்த எழுத்தும் பேச்சில் 'அ' என்று தேய்ந்துதான் ஒலிக்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் பிடிபடும்.

இந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் என்னிடம் படித்த பையன் ஒருவன் பி.காம் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு மனுப்போட்டான். அதற்கு முன் இரண்டு வருடம் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவன். பேரேடு, ரொக்கப் புத்தகம் எல்லாம் கைக்குப் பழகியவன். நேர்முகத்தில் அவனிடம், "அனுபவமே இல்லாத மாதிரி எழுதியிருக்கிறீர்களே, பிறகு எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மனுவின் கார்பன் நகலை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

ஊதா நிறத்தில் கொஞ்சம் கலங்கிய எழுத்து. 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்.' அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து, 'கணக்கில் ஓரளவு அனுபவம் உண்டு' என்ற பொருளில் அவன் எழுதியது. படிக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்தது, 'எனக்கு அனுபவம் கிடையாது' என்பது. நான் பென்சிலால் லிட்டிலுக்கு முன்னால் ஒரு சின்ன 'ஏ' போட்டுக் காட்டினேன். அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவுதானா சார்?" என்றான். இவ்வளவுதான். ஆனால் மில் தூசியில் உட்கார்ந்து எழுதிய இரண்டு வருடம் அந்த ஓர் எழுத்தோடு போயிருந்தது.

அந்தப் பையன்மேல் குற்றமே இல்லை. தமிழில் அந்த இடத்தில் எதுவும் வராது. 'கொஞ்சம்' என்பது நமக்கு முழுச்சொல். பள்ளிக்கூடத்தில் ஃபியூ, அ ஃபியூ, தி ஃபியூ என்று மூன்றைக் கொடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பு என்கிறோம். ஒரு மதிப்பெண். அரிசி டின்னை யாரும் காட்டுவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அந்த மூன்றாவது இருக்கிறதே, தி ஃபியூ அல்லது தி லிட்டில், அதற்கு நம்மிடம் அழகான இணை இருக்கிறது. 'ஹி ஸ்பென்ட் தி லிட்டில் மணி ஹி ஹேட்.' இருந்த கொஞ்சநஞ்சப் பணத்தையும் செலவழித்துவிட்டான். அந்தக் 'கொஞ்சநஞ்சம்' வந்துவிட்டால் இலக்கணம் தானாகப் புரிந்துவிடும்.

ஃபியூவின் கனத்தைக் காட்ட ஒரு பேச்சை நினைவுபடுத்துகிறேன். இரண்டாம் உலகப்போரின்போது, 1940 ஆகஸ்ட் 20 அன்று, லண்டன் மக்களவையில் பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் பேசினார். ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்துகொண்டிருந்த விமானிகளைப் பற்றிய பேச்சு. மனிதர்கள் மோதிக்கொண்ட களம் எதிலும் இவ்வளவு பேர், இவ்வளவு குறைவான பேருக்கு, இவ்வளவு கடன்பட்டதில்லை என்றார். ஆங்கிலத்தில் அது 'ஸோ ஃபியூ' என்று முடியும். முன்னால் 'ஏ' கிடையாது. ஆள் பற்றாத நேரத்தில் பறந்தவர்கள் என்பது அந்தக் கடைசிச் சொல்லிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் அந்த விமானிகளுக்கே 'தி ஃபியூ' என்று பெயர் நிலைத்துவிட்டது.

'ஏ' இல்லாத ஃபியூ உண்மையிலேயே ஒரு 'இல்லை' என்பதற்குச் சாட்சியும் உண்டு. வாக்கியத்தின் வாலில் 'இல்லையா?' என்று கேட்பார்களே, அதைக் கவனியுங்கள். 'அ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் 'டிடின்ட் தே?' என்று முடியும். சிலர் வந்தார்கள், இல்லையா? 'ஃபியூ பீப்பிள் கேம்' என்றாலோ 'டிட் தே?' என்றுதான் முடியும். யாரும் வரவில்லை என்ற வாக்கியத்துக்குப் போடுகிற அதே வால். பார்க்க உடன்பாடு, நடத்தையில் எதிர்மறை. திரும்பவும் சொல்கிறேன், மாறியது அந்த ஓர் எழுத்து.

சரி, ஆங்கிலம் பேசுகிறவர்கள் தினம் இப்படியா பேசுகிறார்கள் என்று கேட்கலாம். இல்லை. வெறும் ஃபியூ, வெறும் லிட்டில் கொஞ்சம் எழுத்து நடை. வீட்டில், கடையில், 'நாட் மச்', 'நாட் மெனி' என்பார்கள். அல்லது 'ஒன்லி அ லிட்டில்' என்பார்கள். அந்த 'ஒன்லி' நம்முடைய 'தான்' போலவே. பேசும்போது சந்தேகம் வந்தால் இதையே சொல்லுங்கள், தவறு நேராது. ஆனால் 'குவைட் அ ஃபியூ' என்று காதில் விழுந்தால் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நிறையப் பேர் என்று பொருள்!

அறைக்கு வெளியே நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 'இன்னும் குறைவாக' என்று சொல்ல உதவும் ஃபியூவர், லெஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர்தான் நல்லது என்று 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் விருப்பமாக எழுதினார். அதுதான் பிறகு விதியாகிவிட்டது. அதற்கு ஏறக்குறைய 900 வருடம் முன்பே பழைய இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் எண்ணக்கூடிய சொற்களுக்கும் லெஸ் போட்டு எழுதியிருக்கிறார். பரீட்சையில் ஃபியூவர் எழுதுங்கள். பேச்சில் லெஸ் கேட்டால் பதற வேண்டாம்.

போதும் என்று சொல்லும் 'ஈனஃப்' ஒன்று பாக்கி. 'நாட் ஈனஃப் ரைஸ்' என்று பற்றாக்குறையை அரிசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். நாம் அரிசியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் 'போதாது' என்போம். அந்த வித்தியாசத்தைப் பேச இப்போது நேரமில்லை. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.