தினக்கூலிக்கு வந்த அதிதூதர்

(அதிதூதர்கள் திருவிழாவை ஒட்டி ராயபுரத்தில் ஒரு பங்கு மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்பது வயதில் எனக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் கபிரியேல் தூதர் வேஷம். தெர்மாகோலில் வெட்டிய இறக்கை, மேலே ஜிகினா, முதுகில் குறுக்காகக் கட்டிய நாடா. மேடைக்குப் போகும் கதவோ குறுகல். நேராகப் போனால் இறக்கை இடித்தது. நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து உள்ளே போனேன். மரியாவாக உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். நான் சொன்ன மங்கள வார்த்தை யார் காதிலும் விழவில்லை.

பிற்பாடு லூக்கா நற்செய்தியை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் காட்சியில் இறக்கை என்ற சொல்லே இல்லை. தானியேல் நூலில் கபிரியேல் விரைந்து பறந்து வருகிறார். சரி, இறக்கையை அங்கும் காணோம். தொடக்கக் காலக் கிறிஸ்தவ ஓவியங்களில் தூதர்கள் சாதாரண ஆட்களைப் போலத்தான் நிற்பார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான் அவர்களுக்கு இறக்கை முளைக்கிறது. பைபிளில் இறக்கையோடு வருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் அப்புறம் வருகிறேன்.

நம் பாட்டிகள் 'சம்மனசு' என்பார்கள். சிஎஸ்ஐ கோயிலுக்குப் போகிறவர்கள் 'தேவதூதன்' என்பார்கள். இப்போது திருப்பலியில் கேட்பது 'வானதூதர்'. எபிரேயத்தில் மல்ஆக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ். இரண்டுக்கும் ஒரே பொருள்தான், சேதி கொண்டுபோகிறவர். புனித அகுஸ்தினார் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார்: அவர்களுடைய இயல்பு ஆவி, தூதர் என்பது பார்க்கும் வேலையின் பெயர். தபால்காரர் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

வேலையின் பெயர் எப்படிப் பதவிப் பட்டியல் ஆயிற்று? கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் அரியணைகள், தலைமைகள், ஆட்சிகள், அதிகாரங்கள் என்று நாலைந்து பெயர் வருகிறது. எபேசியருக்கு எழுதியதிலும் அப்படித்தான். யார் மேல், யார் கீழ் என்று இரண்டிலும் சொல்லவில்லை. ஏறத்தாழ 500-ஆம் ஆண்டு வாக்கில், பெயர் தெரியாத ஒருவர், ஏதென்ஸில் பவுல் மனந்திருப்பிய தியோனீசியு நான்தான் என்று சொல்லிக்கொண்டு கிரேக்கத்தில் ஒரு நூல் எழுதினார். அதில்தான் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று அணி, ஆக ஒன்பது என்று ஒழுங்கானது. உண்மையில் பவுலின் காலத்துக்கு நானூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியவர் அவர். ஆயிரம் வருஷம் போலத் திருச்சபை அதை உணராமலே அவரைப் பெரிய ஆளாகக் கொண்டாடியது.

பழைய ஜெபப் புத்தகம் வைத்திருப்பவர்கள் மிக்கேல் சம்மனசு ஜெபமாலையை எடுத்துப் பாருங்கள். பக்திசுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர் என்று தொடங்கி, நாதகிருத்தியர், பலவத்தர், சத்துவகர், பிராதமிகர் என்று இறங்கி, அதிதூதர், தூதர் என்று முடியும். யார் தமிழாக்கினார்களோ, கெட்டிக்காரர்கள். முதல் அணியின் மூலப் பெயர் சேராபீன். அந்தச் சொல்லுக்குள் எரிகிற நெருப்பு இருக்கிறது. அதை பக்திசுவாலகர் என்று மாற்றியதில் அந்தச் சுவாலை அணையவில்லை.

தியோனீசியுவின் கணக்குப்படி கடவுளின் ஒளி முதல் அணிக்குத்தான் நேரே கிடைக்கும். அங்கிருந்து அடுத்த அணிக்கு, அதற்கும் அடுத்ததற்கு என்று கைமாறிக் கைமாறிக் கடைசியில் மனிதனிடம் வரும். ராயபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல் ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கு வந்தால் தரைதட்டும். கயிற்றால் தைத்த மசூலா படகில் நம் முன்னோர்கள் அலையை மீறிப் போய், ஆளையும் மூட்டையையும் கடுதாசியையும் கரை சேர்த்தார்கள். 1829-இல் ராயப்பர் கோயிலைக் கட்டியவர்களும் அந்தப் படகுக்காரர்கள்தாம். தியோனீசியுவின் சேராபீன்கள் அந்தக் கப்பல் மாதிரி. பெரியவர்கள், ஆகவே கரைக்கு வரமாட்டார்கள். நம்மிடம் வருவது எட்டாவதும் ஒன்பதாவதுமான படகுகள். (வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததில் இந்த இடம் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.)

கணக்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் எசாயா ஆறாம் அதிகாரத்தில் கப்பலே கரைக்கு வந்துவிடுகிறது. ஆறு இறக்கை கொண்ட சேராபீன்கள் அங்கேதான் வருகிறார்கள். இரண்டு இறக்கையால் முகத்தை மூடி, இரண்டால் காலை மூடி, இரண்டால் பறக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புக் கங்கை எடுத்து வந்து எசாயாவின் உதட்டைத் தொடுகிறார். குறட்டைக் கவனியுங்கள். நெருப்பே உருவான சேராபீனுக்கும் கங்கு எடுக்கக் குறடு வேண்டியிருக்கிறது! தியோனீசியுவுக்கு இந்த இடம் பெரிய தலைவலி. தனியாக ஓர் அதிகாரமே எழுதி, வந்தது கீழ் அணியைச் சேர்ந்த தூதராக இருக்கலாம், செயலின் பெருமை சேராபீனுக்குப் போனது என்று சமாளிக்கிறார். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. எசாயா பார்த்தது சேராபீனை.

இரண்டாம் அணியான கெருபுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வாழ்த்து அட்டையில் கொழுகொழுவென்று கன்னத்தில் கைவைத்திருக்கும் குழந்தைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. எசேக்கியேல் பார்த்த கெருபுக்கு நாலு முகம், பக்கத்தில் கண்களாலேயே நிறைந்த சக்கரம். ஏதேன் தோட்டத்து வாசலில் காவல் நிற்பதும் அவர்கள்தாம்.

பட்டியல் நடைமுறையில் என்ன ஆகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் தோபித்து ஆகமம். பிராட்டஸ்டண்டு சகோதரர்களின் பைபிளில் இது இருக்காது, கதையாகவாவது கேளுங்கள். தோபித்து நல்ல மனிதர். அனாதைப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிறவர். ஒருநாள் இரவு முற்றத்தில் சுவரோரம் படுத்திருந்தபோது குருவி எச்சம் கண்ணில் விழுந்து, வெள்ளைப் படலம் படர்ந்து, பார்வை போய்விட்டது. வைத்தியம் பார்க்கப் பார்க்க மோசமானது. தூரதேசத்தில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்பவேண்டும். வழித்துணைக்கு ஆள் தேடியபோது அசரியா என்று ஓர் இளைஞர் வந்து நிற்கிறார். தோபித்து விசாரிக்கிறார் பாருங்கள், நம் ஊர்ப் பெரியவர் மாதிரியே: நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் குலம்? பிறகு கூலி பேசுகிறார். ஒரு நாளைக்கு ஒரு திராக்மா, சாப்பாடு தனி. அசரியா சரி என்கிறார்.

கிளம்புகிறார்கள். கூடவே வீட்டு நாயும். திக்ரீசு ஆற்றில் பையன் கால் கழுவ இறங்கினால் ஒரு பெரிய மீன் துள்ளி அவன் காலைக் கவ்வப் பார்க்கிறது. பையன் அலறுகிறான். அசரியா, 'பிடி, விடாதே' என்கிறார். கரையில் இழுத்துப் போட்டதும் அடுத்த பாடம்: வயிற்றைக் கிழி, பித்தப்பை, இதயம், ஈரல் மூன்றையும் பத்திரமாக எடுத்து வை, குடலை எறிந்துவிடு. காசிமேட்டு அக்காமாருக்கு இது பாடமே இல்லை. பித்தப்பையை உடையாமல் எடுப்பது எவ்வளவு நுணுக்கம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கொஞ்சம் மீனைச் சுட்டுத் தின்றுவிட்டு மீதிக்கு உப்புப் போட்டுவைத்தானாம் பையன். ஆக, ஒரு வானதூதர் பக்கத்தில் இருக்க, பைபிளில் கருவாடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பித்தநீர்தான் கடைசியில் தகப்பன் கண்ணில் படலத்தை உரிக்கிறது.

வேலை முடிந்தது. பேசிய கூலி போதாது, கொண்டுவந்ததில் பாதியைக் கொடுக்கலாம் என்று அப்பாவும் பிள்ளையும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அப்போதுதான் அவர் வாய் திறக்கிறார்: நான் இரபேல், ஆண்டவரின் மாட்சிக்கு முன் நிற்கும் ஏழு தூதருள் ஒருவன். இருவரும் குப்புற விழுந்துவிடுகிறார்கள். தியோனீசியுவின் வரிசையில் அதிதூதர் கடைசிக்கு முந்தின அணி. தோபித்தோ இரபேலை அரியணைக்கு முன்னால் நிறுத்திவைக்கிறது. அங்கே நிற்கிறவர்தான் இங்கே தினக்கூலிக்கு ஒத்துக்கொண்டு மீன் கழுவச் சொல்லிக் கொடுத்தவர். இந்த இரண்டையும் ஒரே பட்டியலுக்குள் திணிக்க எனக்குத் தெரியவில்லை. திணிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெரிய பாப்பு கிரகோரியாரும் ஒரு வரிசை சொன்னார், தியோனீசியு சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறி. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் கிரகோரியாரை மோட்சத்துக்குக் கூட்டிப்போய், கண்ணைத் திறந்ததும் தான் போட்ட வரிசையை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார் என்று எழுதிவைத்தார். பாப்பரசரே சிரித்துக்கொள்ளலாம் என்றால் நமக்கென்ன.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். காசிமேடு கல்லறையில் சின்னச் சின்னக் குழிகளுக்கு மேல் பளிங்குச் சம்மனசு நிற்கும். குழந்தை சம்மனசாகிவிட்டது என்பது நம் பேச்சு வழக்கு. திருச்சபைப் போதனை அப்படி இல்லை. மனிதர் மனிதராகவே உயிர்த்தெழுவார். தூதர்கள் வேறு படைப்பு. மறைக்கல்வி வகுப்பில் இதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். கல்லறை வாசலில் பூ வாங்கிக்கொண்டிருக்கும் தாயிடம் போய்ச் சொல்லவேண்டாம்.

பேச்சு முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்த நாய் என்ன ஆச்சு?" என்றான். பதினோராம் அதிகாரத்தில் வீடு திரும்பும்போது அவர்கள் பின்னாலேயே வருகிறது. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பெயரும் போடவில்லை.