அப்பாவின் ஃபைலில் எழுதாமல் போன காயம்

(பினாங்கு பட்டர்வொர்த்தில், முன்னாள் இராணுவ வீரர்களின் குடும்பங்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி நிறைய இருக்கிறது. நான் மைக் இல்லாமலேயே பேசுகிறேன். ஸ்பீக்கர் திடீரென்று கீச்சிட்டால் இங்கே வந்திருக்கிற அப்பாமார்களில் சிலருக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி ஒரு வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். வெடியில் அடிபட்டு வெளியே தெரியாமல் போன மூளைக்காயத்தையும் மனக்காயத்தையும் பற்றி, அதற்கு மாற்றுச் சிகிச்சைகள் உதவுமா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எங்கள் அப்பா 21 வருடம் பட்டாளத்தில் இருந்தவர். 1976இல் கிரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நாம் கோத்தா பாருவுக்குக் காரில் போகிற அதே சாலைதான், 1982இல் திறந்தது. அதைப் போட்டவர்களுக்குக் கம்யூனிஸ்டுகளால் ஆபத்து என்பதால் இராணுவம் காட்டுக்குள் காவல் இருந்தது. ஒருநாள் ரோந்தில் முன்னால் போனவர் ஜெராங்காப் சாமாரில், அதாவது மறைத்துவைத்த வெடிப்பொறியில், காலை வைத்துவிட்டார். அவருக்குக் கால் போயிற்று. நாலு எட்டு பின்னால் வந்த அப்பாவைத் தூக்கி மரத்தில் அடித்தது. தொடையில் பாய்ந்த சில்லுகளை எடுத்துத் தையல் போட்டு, ஆறு வாரத்தில் மறுபடியும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபைலில் எழுதியிருந்தது, வலது தொடையில் காயம். அவ்வளவுதான். அரை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்பதை, அவரைத் தோளில் சுமந்து வந்த கூலிம் நண்பர் பிற்பாடு அம்மாவிடம் சொல்லித்தான் வீட்டுக்கே தெரியும்.

அப்புறம் வீட்டில் நடந்ததை உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவலி, வெளிச்சம் பட்டால் எரிச்சல், கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்பது மறந்துவிடும், ராத்திரி தூங்காமல் வாசல் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடி போட்டால் எங்களை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். காட்டில் ஏதோ பிடித்துவிட்டது என்று அம்மா நம்பினார். முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றினோம், போமோ என்கிற மலாய் மந்திரவாதியிடம் போனோம், எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற ஒரு பெரியவரிடம் போனோம். யாரோ கொடுத்த ஜாமு மூலிகைப் பொடியை எட்டு மாதம் சாப்பிட்டார். முதலில் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் முகம் ஊதி, சர்க்கரை ஏறி, ஒருநாள் மயங்கி விழுந்தார். அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று நான் ஃபிசியோ வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போதும் சுகாதார அமைச்சு அப்படிக் கலந்த பொருள்களைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் முடிவில் டி (T) எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் தயவுசெய்து எதையும் வாயில் போடாதீர்கள்.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு அடிபட்ட வருடத்தில் பிடிஎஸ்டி (பயங்கர அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) என்ற பெயரே மருத்துவப் புத்தகத்தில் கிடையாது, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் அதைச் சேர்த்தார்கள். லேசான மூளைக்காயம் என்கிறார்களே, அது ஸ்கேனிலேயே பல நேரம் தெரியாது. மண்டை உடைந்திருக்காது, ரத்தம் வந்திருக்காது, ஆனால் வெடியின் அழுத்த அலை உள்ளே மூளையைக் குலுக்கிவிட்டுப் போயிருக்கும். அமெரிக்க இராணுவத்தில் 2000க்குப் பிறகு நாலு லட்சம் பேருக்கும் மேல் மூளைக்காயம் என்று கணக்கில் வந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி இந்த லேசான வகைதான். போரில் மட்டும் இல்லை, பயிற்சியில் பீரங்கியும் மோர்ட்டாரும் வருடக்கணக்காகச் சுட்டவர்களுக்கும் இது வரலாம் என்று இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் ஆட்களில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை முடிந்த 1989 வரை காட்டில் இருந்தவர்கள் உண்டு, 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் கொண்டோர் கவச வண்டிகளில் அமெரிக்கர்களை மீட்கப் போனவர்கள் உண்டு, பொஸ்னியா, லெபனான் போனவர்கள் உண்டு. இவர்களில் எத்தனை பேருடைய ஃபைலில் தலையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறது?

சரி, மாற்றுச் சிகிச்சைக்கு வருகிறேன். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2019இல் ஒரு சட்டம் போட்டது. மூளைக்காயமோ பிடிஎஸ்டியோ உள்ள முன்னாள் வீரர்களுக்கு ஆக்சிஜன் அறை, குதிரையோடு பழகுவது, இசை, உதவி நாய் வளர்த்துப் பயிற்சி கொடுப்பது, கண்ணசைவோடு செய்யும் ஒரு மனச்சிகிச்சை, இதையெல்லாம் பல்கலைக்கழகங்கள் வழியாகக் கொடுக்கலாம் என்று. எனக்கு அதில் பிடித்தது குதிரையோ நாயோ இல்லை. உரிமம் வைத்திருக்கிற ஒருவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், செய்த பிறகு அந்த மனிதரின் மனநிலை, பதற்றம், வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான். அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையும் அக்குபங்சர், மசாஜ், யோகா, தியானம், தை சி இதெல்லாவற்றையும் தன் மருத்துவச் சேவைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. கதவைத் திறந்தார்கள், ஆனால் வாசலில் ஆளையும் நிறுத்தினார்கள்.

இந்த ஆக்சிஜன் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போன வருடம் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார், கணவர் முன்னாள் வீரர், தாலிக்கொடியைத் தவிர மீதி நகையையெல்லாம் அடகு வைத்து 40 தடவை இந்த அறையில் உட்காரவைக்கலாமா என்று கேட்டார். நம்மில் பலருக்கு இது சர்க்கரைப் புண்ணுக்குக் கொடுக்கிறது என்ற அளவில் தெரியும். லூமுட்டில் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக வைத்திருப்பதும் இந்த மாதிரி அறைதான். உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்தால், ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் கூடுதலாகக் கரைந்து, அடிபட்ட இடத்துக்குப் போய்ச் சேரும். மூளைக்கும் அது உதவலாமே என்பது நியாயமான யோசனை. அதனால் அமெரிக்க இராணுவமே சோதித்துப் பார்த்தது. 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 72 வீரர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உண்மையான ஆக்சிஜன், 40 தடவை. மூன்றாவது பிரிவையும் அதே அறைக்குள் 40 தடவை உட்காரவைத்தார்கள், ஆனால் லேசான அழுத்தத்தில் வெறும் காற்றுதான், அது அவர்களுக்குத் தெரியாது. அறைக்குள் போன இரண்டு பிரிவுக்குமே, போகாதவர்களைவிட நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை!

அந்த லேசான அழுத்தமே மருந்துதான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2021இல் அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து எழுதிய வழிகாட்டி, லேசான மூளைக்காயத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி, நகையை வீட்டிலேயே வைத்திருங்கள் என்றேன். அவர் முகம் விழுந்துபோனது. அப்போ ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்.

இருக்கிறது. அந்த ஆய்வை நான் இப்படித்தான் படிக்கிறேன், இது என் எண்ணம். வெறும் காற்றைச் சுவாசித்தவனுக்கும் ஏன் தேவலையானது? 40 நாள் காலையில் எழுந்து, சட்டை போட்டு, ஓரிடத்துக்குப் போனான். அங்கே ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று தூங்கினாயா, தலைவலி எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் அப்பாவுக்கு அந்தக் கூலிம் நண்பர் செய்தது அதுதான். ரிட்டயர் ஆன பிறகு சனிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் வருவார், இரண்டு பேரும் பந்தாய் பெர்சே கடற்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காட்டைப் பற்றி அப்பா எங்களிடம் தமிழில் பேசியதே இல்லை, அந்த ஞாபகமெல்லாம் அவருக்குள் மலாயிலேயே இருந்தது. நண்பரிடம் மலாயில் பேசுவார், சில நாள் அழுவார், அன்றைக்கு ராத்திரி மட்டும் நாற்காலி வாசலுக்குப் போகாது.

இதைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். எல்லாருக்கும் கூலிமில் ஒரு நண்பர் இருக்க மாட்டார். நம் நாட்டில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2007இல் இதோ நம் பக்கத்து கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான் அரசாங்கத்தின் முதல் பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு தொடங்கியது. அக்குபங்சர் இருக்கிறது, மலாய் உருவல் இருக்கிறது, சில மருத்துவமனைகளில் நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாராவும் உண்டு. வைத்தியர்களைப் பதிவு செய்ய 2016இல் சட்டமும் வந்துவிட்டது. பெரும்பாலும் நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்கும்தான் அங்கே அனுப்புகிறார்கள். இதில் முன்னாள் வீரர்களின் தூக்கமின்மையையும் தலைவலியையும் சேர்க்கட்டும், மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்யட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கட்டும். கோர விபத்தை மனதில் மறுபடி மறுபடி எதிர்கொள்ளவைக்கும் பேச்சுச் சிகிச்சைதான் இன்றைக்கும் பிடிஎஸ்டிக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, அதை விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ராத்திரி நாலு மணி நேரமாவது தூங்கியவன்தான் மறுநாள் சிகிச்சை அறை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பான். நாலு சுவருக்குள் பேச வராதவன் நடந்துகொண்டே பேசுவான், தூண்டில் போட்டுக்கொண்டே பேசுவான்.

21 வருடம் முடிக்காமல் வெளியே வந்து பென்ஷன் இல்லாமல் இருக்கிறவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. வெடி, வருடம் பார்த்து வெடிக்கவில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. அந்தக் கதவோரம் மேசையில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. எந்த வருடம், எந்த இடம், வெடி எவ்வளவு தூரத்தில், நினைவு தப்பியதா, எத்தனை நிமிடம், அப்போது கூட இருந்தவர் யார், இவ்வளவும் எழுதுங்கள். மலாயிலும் எழுதலாம், எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், என் மகள் எழுதிக்கொள்வாள். கூட இருந்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் சூராட் (கடிதம்) கேட்கலாம், நான் கூடவே வருகிறேன். யாருக்காவது இந்த வாரமே தாங்க முடியவில்லை என்றால் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555க்குக் கூப்பிடுங்கள். கூலிம் மாமாவுக்கு இப்போது 81 வயது. அப்பாவின் பெயரை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவர்தான் எழுதியிருக்கிறார், நினைவில்லாமல் கிடந்தது முப்பது நிமிடம் என்று.